மோட்டார் சைக்கிளுக்குப் புது ஃபுட்ரெஸ்ட்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் முதலில் மாற்றுவது பின்பெட்டியையும் கைப்பிடி உறையையும் கண்ணாடியையும்தான். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நின்று ஓட்டும்போதும், வளைவில் உடலைச் சாய்க்கும்போதும், பள்ளத்தைக் கடக்க இருக்கையிலிருந்து சற்றே எழும்போதும் உடலின் எடை இறங்குவது அந்தச் சிறு உலோகத் துண்டின் மேல்தான். அதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதைவிடக் கவனமாகப் பொருத்த வேண்டும். நண்பர்களும் அறிமுகமானவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

வண்டியோடு வந்த ஃபுட்ரெஸ்ட் நன்றாகத்தானே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பலருக்கு வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே ஓட்டுகிறீர்கள், ரப்பர் தேயவில்லை, முழங்கால் வலிக்கவில்லை என்றால் அந்தப் பணத்தை நல்ல டயருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைப் பாதுகாப்பில் டயர் தரும் பலனை ஃபுட்ரெஸ்ட் தராது.

மாற்ற வேண்டிய காரணங்கள் சில உண்டு. ரப்பர் மழுங்கி, மழையில் கால் வழுக்குவது முதல் காரணம். நீண்ட பயணத்தில் முழங்கால் மடங்கியே இருந்து வலிப்பது அடுத்தது. பாதம் பெரியதாக இருந்து, குறுகலான ஃபுட்ரெஸ்ட் உள்ளங்காலில் கம்பியைப் போல அழுத்துவதும் உண்டு. விழுந்த வண்டியில் ஃபுட்ரெஸ்ட் வளைந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை, மாற்றியே ஆக வேண்டும். வளைந்த அலுமினியத்தைத் தட்டி நேராக்கினால் அது விரிசல் விடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வண்டியை அசையாதபடி நிறுத்தி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலணியின் அடிப்பாகத்தை நன்றாக நனைத்து, ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, குதிகாலை உள்ளும் வெளியும் திருப்புங்கள். பாதம் தானாகச் சறுக்கிப் போகிறது என்றால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாள் அளவுக்கு மழை பெய்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழை ஒரு பக்கம், விடியற்காலையில் திடீரென்று வந்து வீசும் சுமத்ரா காற்றுமழை இன்னொரு பக்கம். காய்ந்த சாலையை மட்டும் மனத்தில் வைத்து இங்கே ஃபுட்ரெஸ்ட் வாங்கக் கூடாது.

கடைகளில் பல வகை இருக்கிறது. என் வண்டிக்கு எது பொருந்தும்?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியில் இருக்கும் அதே பிராக்கெட்டில் (சட்டத்தோடு ஃபுட்ரெஸ்ட்டைப் பிணைக்கும் தாங்கி), அதே பின் (pin, இரண்டையும் கோக்கும் உலோகத் தண்டு) கொண்டு மாட்டும் மாற்று ஃபுட்ரெஸ்ட் முதல் வகை. கால் வைக்கும் தட்டு மட்டும் அகலமாகவோ பற்கள் உள்ளதாகவோ மாறும், இடம் மாறாது. பிராக்கெட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே ஒரு துண்டைச் சேர்த்து, கால் வைக்கும் இடத்தைக் கீழேயோ பின்னாலோ நகர்த்துவது இரண்டாவது. மூன்றாவது ரியர்செட். பிராக்கெட், பிரேக் பெடல், கியர் லீவர் எல்லாவற்றையும் சேர்த்தே கழற்றி, கால் வைக்கும் இடத்தை மேலும் பின்னும் கொண்டுபோகும் முழுத் தொகுப்பு அது. பந்தயத் தடத்தில் சாய்ந்து ஓட்டுபவர்களுக்காக உருவானது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: தினமும் வேலைக்கு ஓட்டுபவருக்கு முதல் வகை போதும். ரியர்செட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். காலை நெரிசலில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஊர்ந்து செல்லும்போது அந்த மடங்கிய முழங்காலும் கைமணிக்கட்டில் விழும் எடையும் என்ன பாடுபடுத்தும் என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பற்கள் கூர்மையாக இருந்தால் நல்லதா?

மழையில் நல்லது, மற்ற நேரங்களில் விலை கேட்கும். கூர்மையான உலோகப் பற்கள் நனைந்த ரப்பர் அடியைக் கவ்விப் பிடிக்கும். நடுவில் திறந்த வடிவம் இருந்தால் தண்ணீரும் மணலும் சேறும் கீழே இறங்கிவிடும். மூடிய தட்டில் அவை தேங்கி மெல்லிய படலமாகிவிடும்.

விலை எங்கே தெரியும் என்றால், அலுவலகத்துக்குப் போட்டுச் செல்லும் தோல் காலணியின் அடிப்பகுதியில். சில மாதங்களில் கோடு கோடாக அரித்துவிடும். அடுத்தது கணுக்கால். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்ப்பார்க்கில் மோட்டார் சைக்கிள் இடம் எவ்வளவு நெருக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வண்டிக் கைப்பிடியில் படாமல் பின்னோக்கித் தள்ளி எடுக்கும்போது ஆடுசதைக்கு நேராக நிற்பது இந்தப் பற்கள்தான். காற்சட்டை மடிப்பைக் கிழித்து, தோலில் வரிசையாகப் புள்ளி வைத்துவிடும். செருப்புப் போட்டு ஓட்டுபவர்கள் இந்தக் கூர்மையான வகையை வாங்கவே கூடாது. செருப்போடு ஓட்டுவதையே விட்டுவிட வேண்டும் என்பது தனி விஷயம்.

நடுத்தர வழி உண்டு. உயரம் குறைந்த, முனை மழுங்கிய பற்கள் கொண்ட தட்டுகள் கிடைக்கின்றன. பற்களைத் தனித்தனித் திருகுகளாகக் கழற்றி மாற்றும் வகையும் உண்டு. நடுவில் கழற்றக்கூடிய ரப்பர் பட்டையும் சுற்றிலும் பற்களும் உள்ளவை அன்றாட ஓட்டத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தவை. சாதாரணமாக உட்காரும்போது ரப்பர் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. எழுந்து நின்று எடையைப் போட்டால் ரப்பர் அமுங்கிப் பற்கள் காலணியைப் பிடிக்கின்றன.

ஹொக்கைடோ சுற்றுலாவில் பனிவண்டி ஓட்டினோம். அதன் பக்கவாட்டுக் கால்பலகை முழுக்கப் பெரிய துளைகள். அது போல மோட்டார் சைக்கிளுக்கும் இருக்குமா?

அந்தப் பலகையை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் பாதி விஷயம் உங்களுக்குப் புரிந்திருக்கும். பனிவண்டியில் ஓட்டுபவரின் இரு கால்களும் நீளமான அலுமினியப் பலகையின் மேல் நிற்கின்றன. தடித்த பூட்ஸிலிருந்து உதிரும் பனி அங்கே அழுந்தி உறைந்தால் பலகை பனிக்கட்டித் தரையாகிவிடும். அதனால்தான் பெரிய துளைகள், துளையின் விளிம்பில் மேல்நோக்கி வளைத்த பற்கள். மிதிக்க மிதிக்கப் பனி துளை வழியே கீழே விழும். அங்கும் பழைய பலகையைக் கழற்றிவிட்டு இன்னும் திறந்த, இன்னும் உறுதியான பலகையைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள்.

கொள்கை ஒன்றுதான்: எது வழுக்கச் செய்கிறதோ அது தங்காமல் வெளியேற வேண்டும். ஆனால் அளவு மாறும். நம் ஊரில் வெளியேற வேண்டியது தண்ணீரும் கட்டுமானத் தளத்து மணலும். அதற்கு அவ்வளவு பெரிய துளையும் தேவையில்லை, அவ்வளவு பெரிய பல்லும் தேவையில்லை. நாம் போடுவது பனிக்காலப் பூட்ஸும் அல்ல.

எந்த உலோகம் வாங்கலாம்?

அச்சில் வார்த்த அலுமினியம் மலிவு, ஆனால் அடிபட்டால் வளையாமல் முறியும். ஒரே கட்டியிலிருந்து இயந்திரத்தில் கடைந்தெடுத்த 6061-டி6 அலுமினியம் உறுதியானது, எடை குறைவு. துருப்பிடிக்காத எஃகு இன்னும் உறுதி, பற்கள் சீக்கிரம் மழுங்காது, ஆனால் கனம். சாதாரண எஃகுத் தகட்டை வளைத்துப் பற்றவைத்தவற்றில் பூச்சு உரிந்த இடத்தில் துரு வரும். நம் ஈரக்காற்றில் அது வெகு விரைவு.

நான் உலோகத்தின் பெயரைவிடப் பின் துளையைத்தான் முதலில் பார்ப்பேன். பின்னைத் துளையில் விட்டு அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், அது எந்த உலோகமாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த ஆட்டம் மாதக்கணக்கில் துளையை முட்டை வடிவமாக்கிவிடும், பிறகு ஃபுட்ரெஸ்ட் வெளிப்பக்கம் தொங்க ஆரம்பிக்கும்.

அகலம் எவ்வளவு வேண்டும்? எனக்கு உயரம் குறைவு, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. முன்பின்னாக 55 முதல் 60 மி.மீ. வரை உள்ள அகலத் தட்டில் எடை பரவலாக இறங்கும், நின்று ஓட்ட வசதியாக இருக்கும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது உங்கள் கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு முன்னாலோ பின்னாலோதான் தரைக்கு இறங்கியாக வேண்டும். தட்டு அகலமாகவும் வெளிப்பக்கம் நீளமாகவும் இருந்தால் காலை விரித்து இறக்க வேண்டிவரும். விரித்த கால் தரையை எட்டாது. ஏற்கெனவே முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்பவருக்கு அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பெரிய வித்தியாசம். அப்படிப்பட்டவர்கள் வெளிப்பக்க நீளம் கூடாத தட்டைத் தேடுவது நல்லது.

முழங்கால் வலிக்கிறது. ஃபுட்ரெஸ்ட்டைத் தாழ்த்தினால் தீருமா?

பெரும்பாலும் குறையும். 20 மி.மீ. தாழ்த்தினாலே முழங்கால் மடிப்பு தளர்வது தெரியும். நாற்பதைத் தாண்டிய நண்பர்கள் பலர் அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு மலாக்காவுக்கும் ஈப்போவுக்கும் நிம்மதியாகப் போய் வருகிறார்கள்.

தாழ்த்துவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். முதலாவது, வளைவில் சாயும் இடைவெளி. பெரும்பாலான வண்டிகளில் சாய்வு கூடும்போது முதலில் தரையைத் தொடுவது ஃபுட்ரெஸ்ட்டின் முனைதான். அது வடிவமைத்தவர்கள் தெரிந்தே வைத்தது. முனையில் ஒரு சிறு உலோகக் குமிழ் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது தரையில் உரசி, இதற்கு மேல் சாயாதே என்று எச்சரிக்கிறது. ஃபுட்ரெஸ்ட்டும் மேல்நோக்கி மடங்கிக்கொள்கிறது. தாழ்த்தினால் இந்த உரசல் முன்னதாகவே வரும். விரைவுச்சாலைக்கு ஏறும் வளைந்த இணைப்புச் சாலைகளை வேகமாக எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். மடங்காத, நிலையான ஃபுட்ரெஸ்ட்டைச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஒருபோதும் போடாதீர்கள். தரையில் பட்டால் அது மடங்குவதற்குப் பதிலாக வண்டியையே தூக்கி, டயரின் பிடியைப் பறித்துவிடும்.

இரண்டாவது விஷயம் பிரேக் பெடல். அதற்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறேன்.

ஃபுட்ரெஸ்ட்டை மட்டும்தானே மாற்றுகிறேன், பிரேக்கை ஏன் தொட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் இயல்பாக இருக்கும்போது, பெருவிரல் பெடலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். பெடலை மிதிக்கப் பாதத்தைத் தூக்க வேண்டியிருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போது பெடலின் மேல் எடை விழவும் கூடாது. நீங்கள் ஃபுட்ரெஸ்ட்டை 20 மி.மீ. தாழ்த்திவிட்டுப் பெடலை அப்படியே விட்டால், பெடல் இப்போது பாதத்தைவிட உயரத்தில் நிற்கிறது. அவசரத்தில் காலைத் தூக்கித்தான் மிதிக்க வேண்டும். அந்தத் தூக்கும் நொடியில் வண்டி பல மீட்டர் ஓடிவிடும். இடம் மாறாத முதல் வகையிலும் இந்தச் சிக்கல் சிறிய அளவில் வரும். அகலத் தட்டின் முன்விளிம்பு பெடலை நெருங்குவதால் பாதம் வைக்கும் இடம் கொஞ்சம் மாறிப்போகும்.

டிஸ்க் பிரேக் வண்டியில், பெடலையும், பிரேக் திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் புஷ்ராட் என்ற கம்பியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ பெடலின் உயரத்தை மாற்றலாம். அதில் ஒரு பூட்டு நட் இருக்கும், அதைத் தளர்த்திக் கம்பியைத் திருக வேண்டும். முடிந்ததும் பெடலை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கம்பி சிலிண்டரைத் தள்ளத் தொடங்குவதற்கு முன் ஓரிரு மில்லிமீட்டர் வெற்றசைவு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், சூட்டில் விரியும் பிரேக் திரவம் தொட்டிக்குத் திரும்ப வழி இல்லாமல் பேடுகளை டிஸ்க்கின் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட ஓட வண்டி தானாகவே பிரேக் பிடிக்கும், டிஸ்க் கொதிக்கும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுழல வேண்டும். பிறகு அருகிலேயே சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பின்பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் திரும்பி வந்து, டிஸ்க்குக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். அனல் அடித்தால் சரிசெய்தது தவறு.

டிரம் பிரேக் வண்டிகளில், காப்சாய் போன்ற சிறிய வண்டிகளில் பல இப்படித்தான், பின்பக்கம் கம்பியின் முனையில் இருக்கும் நட்டைத் திருகினால் பெடலின் வெற்றசைவு மாறும். பெடல் முனையில் 20 முதல் 30 மி.மீ. வரை வெற்றசைவு வைப்பது வழக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் மறப்பது இதைத்தான். பிரேக் விளக்குச் சுவிட்ச். பெடலின் உயரம் மாறினால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அல்லது பெடலை வெகுதூரம் அழுத்திய பிறகே எரியும். எப்போதும் எரியும் விளக்கைப் பார்த்துப் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் எதைப் புரிந்துகொள்வார்? சுவிட்ச்சின் உடலைக் கையால் பிடித்துக்கொண்டு அதன் பிளாஸ்டிக் நட்டை மட்டும் திருப்புங்கள். உடலே சேர்ந்து சுழன்றால் உள்ளே கம்பி முறுக்கி அறுந்துவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும். இரவில் சுவருக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தினால் சுவரில் விழும் சிவப்பு ஒளியிலேயே தெரிந்துவிடும்.

பெடலைத் தொட உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அது நல்ல தயக்கம். ஃபுட்ரெஸ்ட்டை நீங்களே மாட்டிவிட்டு, பிரேக் பகுதியை மட்டும் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ உங்களுக்குப் பழக்கமான பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கியர் லீவருக்கும் இதே வேலையா?

ஆம், ஆனால் எளிது. இணைப்புக் கம்பி உள்ள வண்டியில் இரண்டு முனைகளிலும் பூட்டு நட்டுகள் இருக்கும். ஒரு முனையில் மரை இடப்பக்கமாக வெட்டப்பட்டிருப்பதால், கம்பியைச் சுழற்றினாலே நீளம் மாறும். கம்பி இல்லாமல் லீவர் நேராகவே தண்டில் மாட்டியிருந்தால், திருகைக் கழற்றி லீவரை ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும். அந்தத் திருகு பள்ளத்தில் முழுமையாக உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள்.

பொருத்தும் வேலையை எப்படித் தொடங்குவது?

முதலில் இடம். புளோக்கின் கார்ப்பார்க் வண்டி நிறுத்தத்தான், அங்கே பழுதுவேலை செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். பட்டறை வைத்திருக்கும் நண்பரின் இடமே மேல்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலோ, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டிலோ நிறுத்துங்கள். பல வண்டிகளில் இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டின் போல்ட்டுகளே சைடு ஸ்டாண்டையும் தாங்குகின்றன. சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அந்தப் போல்ட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கட்டும். கழற்றும் முன் ஸ்பிரிங்கின் இரு முனைகளும் எங்கே முட்டி நிற்கின்றன என்பதைக் கைப்பேசியில் கிட்டத்தில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய பின் கழன்று விழாமல் தடுக்கும் வளைந்த கம்பியான கோட்டர் பின்னை இடுக்கியால் நேராக்கி இழுத்து எடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய பின் துருவால் இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் தெளித்துக் காத்திருங்கள், பிறகு மென்மையான பித்தளைத் துண்டை வைத்துத் தட்டுங்கள். நேராகச் சுத்தியலால் அடித்தால் பின்னின் முனை பூவாக விரிந்து துளைக்குள் நுழையாது. வேலை முழுவதும் கண்ணாடி அணியுங்கள், ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, பின் துளையின் விட்டத்தையும், பிராக்கெட்டுக்குள் நுழையும் நாக்கின் தடிமனையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளில் சாதாரணக் காலிப்பர் கிடைக்கும். அளவு ஒத்துப்போனால் பிராக்கெட்டின் உட்பக்கத்தைத் துடைத்து, பின்னுக்குக் கிரீஸ் தடவுங்கள். எஃகுப் பின்னும் அலுமினியத் தட்டும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். கிரீஸ் அந்த ஈரத்தை உள்ளே விடாது.

ஸ்பிரிங் உள்ளே உட்கார மறுக்கிறது. ஏதாவது வழி உண்டா?

இடம், வலம் என்று இரண்டு ஸ்பிரிங்குகளும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருக்கும். மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். சரியானதுதான் என்றால், ஸ்பிரிங்கையும் ஃபுட்ரெஸ்ட்டையும் பிராக்கெட்டில் ஏறக்குறைய வைத்து, துளையைவிடச் சற்று மெல்லிய திருப்புளியை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு நேர்ப்படுத்துங்கள். பின் உள்ளே போகப் போகத் திருப்புளி வெளியே வரட்டும். ஸ்பிரிங்கின் முனையை இழுத்துப் பிடிக்க உறுதியான நைலான் கயிற்றை மடித்துப் பயன்படுத்தலாம், இடுக்கியைப் போல நழுவாது.

முடிந்ததும் ஒரு விரலால் ஃபுட்ரெஸ்ட்டை மேலே மடக்கி விடுங்கள். உடனே தானாகத் திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தாலோ பாதியில் நின்றாலோ மறுபடியும் கழற்றுங்கள். கோட்டர் பின் எப்போதும் புதியது. ஒருமுறை வளைத்ததை நிமிர்த்தி மீண்டும் போட்டால் அது நடுச்சாலையில் முறியும். அதன் விலையோ மிகச் சொற்பம்.

போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? லாக்டைட் போடலாமா?

உங்கள் வண்டியின் சேவைக் கையேடு சொல்லும் எண்தான் முதல். அது கையில் இல்லை என்றால், சாதாரண 8 மி.மீ. எஃகுப் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 45ஐ ஒட்டியும் இருக்கும். அலுமினியத்தில் வெட்டிய மரையாக இருந்தால் அதற்கும் குறைவு. கைக்கணக்கில் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். சொந்தமாக இல்லாவிட்டால் பட்டறைக்காரரிடம் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

பிராக்கெட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கு மரை தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீல நிறம் ஒரு துளி போதும். சிவப்பு நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. ஃபுட்ரெஸ்ட் மடங்கும் பின்னில் எந்தப் பசையும் கூடாது. முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். அலுமினியக் கால்தட்டு போடலாமா?

போடலாம், தொழிற்சாலை ஏற்கெனவே வைத்த திருகுத் துளைகளை மட்டும் பயன்படுத்தும் தட்டாக இருந்தால். புதிதாகத் துளை போடாதீர்கள். கால் வைக்கும் பிளாஸ்டிக் பலகைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். மின்கம்பிக் கட்டு, பேட்டரி, குளிர்நீர்க் குழாய் எதுவாகவும் இருக்கலாம். தட்டோடு வரும் திருகு பழையதைவிட நீளமாக இருந்தால், தட்டின் தடிமனுக்கு மேல் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து பாருங்கள்.

மழமழப்பான அலுமினியத் தட்டு மழையில் பழைய ரப்பரைவிட மோசம். மேற்பரப்பில் ரப்பர்ப் பட்டைகளோ உயர்ந்த வரிகளோ இருக்க வேண்டும். பளபளப்புக்காக மட்டும் விற்பவை நிறைய இருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டுமா?

ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியவை, அறவே செய்யக் கூடாதவை. ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் இணையத்தளத்தில் அந்த விவரம் இருக்கிறது. வாங்கும் முன் அதைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் ஆணையத்திடமே எழுதிக் கேளுங்கள். எழுத்தில் வந்த பதில் கையில் இருப்பது நல்லது. குறிப்பாக, கால் வைக்கும் இடத்தையே மாற்றும் தாழ்த்தும் துண்டுகளுக்கும் ரியர்செட்டுக்கும் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். கடைக்காரர் "எல்லாரும் போடுகிறார்கள்" என்று சொல்வது அனுமதி ஆகாது.

மூன்றாண்டு ஆன மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் ஆய்வுக்குச் செல்ல வேண்டும். அங்கே பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பார்கள். பெடலைச் சரியாக அமைக்காதவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதால் பயனில்லை.

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பாதி விலைக்கு வருபவற்றில் நல்லவையும் உண்டு, ஆனால் படத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. பிரபல நிறுவனத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்து, மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். பின் துளை அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பின் துளையின் விட்டம் என்ன, என் வண்டியின் மாடலுக்கும் தயாரித்த ஆண்டுக்கும் பொருந்துமா? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். விலையை ஒப்பிடும்போது வரியையும் சேருங்கள். 2023 ஜனவரியிலிருந்து 400 சிங்கப்பூர் வெள்ளிக்குட்பட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்கும் பொருள், சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. அனுப்பும் செலவையும் கூட்டினால், கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து வாங்கக்கூடிய உள்ளூர்க் கடை விலை அவ்வளவு தொலைவில் இருக்காது.

ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் வழியே வருகிறேன். உலோக ஃபுட்ரெஸ்ட் போட்டதிலிருந்து பாதம் மரத்துப்போகிறது.

ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் இது இயல்பு. பழைய ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வு இப்போது நேராகப் பாதத்துக்கு வருகிறது. நடுவில் ரப்பர் உள்ள வகைக்கு மாறுங்கள், அல்லது அடிப்பகுதி தடித்த காலணி போடுங்கள். அதற்கு முன் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அதிர்வு திடீரென்று கூடியிருந்தால் குற்றம் ஃபுட்ரெஸ்ட் மீது இல்லாமலும் இருக்கலாம்.

பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட்டையும் மாற்றலாமா?

பற்கள் உள்ளவற்றைப் பின்னிருக்கைக்குப் போடாதீர்கள். ஏறி இறங்கும்போது கெண்டைக்கால் படும், சேலையோ நீளமான உடையோ சிக்கும். ரப்பர் நல்ல நிலையில் இருந்தாலே போதும். பிள்ளையை ஏற்றிச் செல்பவர்கள் நினைவில் வையுங்கள்: பத்து வயதுக்குட்பட்டவர்களைப் பின்னிருக்கையில் ஏற்ற இங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. பத்தைத் தாண்டியிருந்தாலும் பிள்ளையின் இரு பாதங்களும் ஃபுட்ரெஸ்ட்டில் முழுமையாகப் படிகின்றனவா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் இன்னும் ஓராண்டு பொறுத்திருங்கள்.

கழற்றிய பழையதை என்ன செய்வது?

பின், வாஷர், ஸ்பிரிங், ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பையில் போட்டு, வண்டியின் எண்ணையும் இடம், வலம் என்பதையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஆய்வில் ஏதாவது கேள்வி வந்தால் ஒரு மணி நேரத்தில் திருப்பி மாட்டிவிடலாம். வண்டியை விற்கும்போது வாங்குபவர் மூலப்பாகம் இருக்கிறதா என்று கேட்பார். புதியது எங்காவது அடிபட்டு முறிந்து, மாற்று வந்துசேரச் சில வாரம் ஆகும் என்றால், அதுவரை வண்டியை ஓட்ட அந்தப் பை போதும்.